செல்லவடிவின் தூக்குவாளி

“அவளுக்குத் திமிரும்மா,” என்றார் உலகநாதன்.

ஆவுடையம்மாள் முறத்திலிருந்து கண்ணெடுக்காமல் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அன்னசாலையை நடத்தும் அவளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. உலகநாதன் தாசில்தாராக இருந்து ஓய்வுபெற்றவர். அவளைக் குருவாக ஏற்று வந்து சேர்ந்திருந்தார். அதிகாரத்தை வாசலிலேயே விட்டுவிட்டு வந்ததாக நம்பிக்கொண்டும் இருந்தார், பாவம்.

“யாருக்குத் திமிரு?”

“செல்லவடிவுக்குத்தான். மாசாமாசம் அரிசி வாங்கிட்டுப் போவா. இப்ப எட்டிக்கூடப் பாக்கிறதில்லை. பிள்ளைங்க ரெண்டும் அரை வயிறு. நானே மூட்டையைத் தூக்கிட்டுப் போனேன், கதவைத் திறக்கலை.”

“எப்ப இருந்து?”

“பொங்கல் விழாவுக்குப் பிறகு. அன்னைக்கு என்ன குறை வச்சேன்? மைக்குல பேர் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டேன். புருஷன் போன பிறகு அவ படுற பாட்டை ஊருக்கே எடுத்துச் சொன்னேன். சால்வை போத்தி போட்டோவும் எடுத்தாச்சு. இதுக்கு மேல என்ன கௌரவம் வேணும்?”

ஆவுடையம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

“நாக்கு ருசி கெட்டுக் கிடக்கு. செல்லவடிவு வீட்டுல உப்பு நார்த்தங்காய் இருக்கும். கேட்டு வாங்கிட்டு வாங்க ஐயா.”

“கடையில வாங்கியாறேனே?”

“அவகிட்ட.”

அவர் கிண்ணம் தேடினார்.

“வெறுங்கையோட போங்க.”

செல்லவடிவு வீட்டுக்கு எதிரே தெருக்குழாய். குடங்களோடு நின்ற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள். ஆயிரம் பேருக்குக் கையெழுத்துப் போட்ட மனிதருக்கு, கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மூட்டை இல்லாததைப் பார்த்தோ என்னவோ, கதவு திறந்தது.

“அது... அம்மாவுக்கு... கொஞ்சம் நார்த்தங்காய்...”

அவருக்கு முகம் வேர்த்துவிட்டது.

செல்லவடிவு அவர் முகத்தைப் பார்த்தாள். குழாயடியையும் பார்த்தாள். பிறகு தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்:

“அடடா, அம்மாவுக்கு நார்த்தங்காய் குடுத்து விடுறேன்னு நான்தான் சொல்லியிருந்தேன்! மறந்தே போனேன் பாருங்க. உங்களை அலைய விட்டுட்டேனே.”

அவள் அப்படிச் சொல்லியிருக்கவே இல்லை.

குழாயடியில் மறுபடி பேச்சு தொடங்கியது. உள்ளே போனவள், வீட்டிலிருந்த ஒரே தூக்குவாளியில் நார்த்தங்காயைப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள்.

“எப்படிக் கேட்டீங்க?” என்றாள் ஆவுடையம்மாள், தூக்கோடு திரும்பி வந்தவரிடம்.

உலகநாதன் தலை நிமிரவில்லை.

“அவ என்னைக் கேக்கவே விடலைம்மா.”

சொல்லும்போதே, அன்று மைக்கில் தான் பேசியதெல்லாம் வார்த்தை மாறாமல் காதில் விழுந்தது.

ஆவுடையம்மாள் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, மீதியை ஜாடியில் கொட்டினாள். தூக்கைக் கழுவித் துடைத்து அவரிடம் நீட்டினாள்.

“அவ பாத்திரம். குடுத்துட்டு வந்துடுங்க.”

வாசல் வரை போனவர் நின்றார்.

“வெறும் தூக்கையா குடுக்கிறது?”

அவள் முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

உலகநாதன் திரும்பி வந்து, அரிசிப் பானையைத் திறந்தார்.

செல்லவடிவு தூக்கை வாங்கினாள். கை கனத்தது. மூடியைத் திறக்காமல் அவரையே பார்த்தாள்.

“நார்த்தங்காய் ரொம்ப நல்லா இருந்துச்சாம்,” என்றார் அவர்.

அவள் கதவை முழுக்கத் திறந்தாள்.

“உள்ள வாங்க ஐயா. அம்மாவுக்கு இன்னும் ரெண்டு துண்டு போட்டுத் தாரேன்.”