விரியன் வயிறு

மகள் வாசலில் வந்து நிற்கிறாள் என்று கேட்டதும் நாச்சிமுத்து பின்பக்கமாக நழுவி விறகுக் கொட்டகைக்குப் போய்விட்டார்.

துளசிமணிக்கு நிறைமாதம். முதல் பிரசவம் தாய் வீட்டில்தான் என்று மாமியார்க்காரி வண்டியேற்றி அனுப்பிவிட்டாள். தாய் வீடு பூட்டிக் கிடந்தது. பெற்றவள் இவளைப் பெற்ற அன்றே போய்ச் சேர்ந்துவிட்டாள். தகப்பன் மாட்டுத் தரகை உதறிவிட்டு இந்தக் குன்றடி மடத்தில் சீடனாக வந்து உட்கார்ந்திருந்தார். வண்டி மடத்துக்கே வந்துவிட்டது.

மடத்தின் குரு சடைச்சியம்மாள். நாச்சிமுத்துவைவிட இளையவள். அவரைத் தேடிக் கொட்டகைக்கே வந்தாள்.

"பெரியவரே, உங்க மக வந்திருக்குது. ஊட்டைத் தொறந்து விடச் சொல்லிக் கேக்குது."

"மகளா? விரியன் குட்டிங்க அது! வயித்துக்குள்ளயே ஆத்தாளைத் தின்னு, கிழிச்சுக்கிட்டு வெளிய வந்தது. காங்கேயத்துப் பசுவாட்டம் இருந்தவங்க எம் பொண்டாட்டி பாவாத்தா."

"விரியன் குட்டி போடறதைப் பார்த்திருக்கீங்களா?"

"ஊரே சொல்லுது. நான் வேற பாக்கோணுமா?"

"ஊர் சொல்றதைக் கேட்டுத்தான் மாடு வாங்கினீங்களா?"

"பல்லைப் பிடிச்சுப் பாக்காம எவன் வாங்குவான்?" சுள்ளென்று சொல்லிவிட்டுத்தான் மாட்டிக்கொண்டது அவருக்குத் தெரிந்தது.

கொட்டகைக்குப் பின்னால் ஒரு பாறை. அதன்மேல் கண்ணாடி விரியன் ஒன்று வெயிலில் கிடந்தது. நடு உடம்பு தலையணை போல உப்பியிருந்தது. நாச்சிமுத்து தடியை ஓங்கினார்.

"கீழ போடுங்க," என்றாள் சடைச்சியம்மாள். "தள்ளி உக்காந்து பாருங்க. அப்புறம் பேசலாம்."

துளசிமணியைக் கொட்டகையை ஒட்டிய மண்டபத்தில் தங்க வைத்தாள்.

அன்றிலிருந்து தினமும் பாறையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதே நாச்சிமுத்துவுக்கு வேலையாயிற்று. பாம்பும் அவரைப் போலத்தான், வெயிலில் கிடப்பதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. எலி ஒன்று அதன் மூக்குக்கு நேராகவே ஓடியது. தலையைக்கூடத் தூக்கவில்லை.

மண்டபத்துச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "அப்பா, வெயில்லயே உக்காந்திருக்கீங்களாமா. தலைக்கு எதையாச்சும் போட்டுக்குங்க."

"எந்தலை வெந்தா உனக்கென்ன?"

"வெந்தா வேகட்டும். இத்தனை நாள் வேகாம இருந்ததுதான் கோளாறு."

வாய் அப்படியே தன் வாய்தான் என்று அவருக்குப் பட்டது. ஆத்திரம் இன்னும் ஏறியது.

சடைச்சியம்மாள் கஞ்சி கொண்டுவந்தபோது பாய்ந்தார். "இது வாயில ஒண்ணும் வெக்கறதில்லீங்க. அப்ப உள்ள இருக்கறதுக்கு ஏது சோறு? ஆத்தாளைத்தான் தின்னுது!"

"கருவாகறதுக்கு முன்னயே தின்னு சேத்தின கொழுப்பையெல்லாம் மஞ்சக்கருவாக்கி, ஆளுக்கொரு பையில கட்டிக் குடுத்துட்டுது. அதுதான் சோறு. இப்பத் தண்ணியும் மூச்சும் தாய் ஒடம்பு வழியாப் போகுது."

"வெயிலு?"

"உள்ள இருக்கறதுகளுக்குக் குளிருமில்ல?"

அவர் கஞ்சியைத் தொடவில்லை.

ஒரு விடியலில் பாம்பு குட்டி போட்டது. கண்ணாடித் தாள் போன்ற சவ்வுக்குள் சுருண்டபடி ஒவ்வொன்றாக வெளியே வந்து விழுந்தன. விழுந்ததும் மூக்கால் முட்டிச் சவ்வைக் கிழித்துக்கொண்டு தலையை நீட்டின. ஈரம் காய்வதற்குள் சருகுக்குள் போய் மறைந்தன. ஒன்றுகூடத் தாயைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"பெரியவரே, கிழிஞ்சது எது?" பக்கத்தில் வந்து நின்ற சடைச்சியம்மாள் கேட்டாள்.

"சவ்வு," என்றார் நாச்சிமுத்து. சொல்லவே பிடிக்கவில்லை.

தாய் கிடந்த இடத்திலேயே கிடந்தது. தோல் தொளதொளத்து, முதுகெலும்பு வரிசையாகத் தெரிந்தது. உச்சிவேளைக்குள் எறும்பு வந்துவிட்டது.

"செத்துப் போச்சு! நாஞ் சொன்னனா இல்லியா?" கத்தினார். கத்தலில் ஜெயித்த சந்தோஷம் இல்லை.

சடைச்சியம்மாள் குச்சியால் பாம்பை மல்லாத்தினாள். வயிறு வழவழவென்று இருந்தது. ஒரு கீறல் கிடையாது.

"குட்டி போட்டதெல்லாம் சாகறதில்லை. இது செத்துப் போச்சு."

"கிழியாட்டி என்னங்க? குடுத்துக் குடுத்துத்தான செத்தா? எம் பாவாத்தா உசுருக்கு ஆருங்க பதில் சொல்றது? வாங்கிக்கிட்டவதான சொல்லோணும்?"

"சந்தையில எப்படி வெல பேசுவீங்க?"

"துண்டைப் போட்டு மூடி, அதுக்கடியில வாங்கறவனும் விக்கறவனும் கை கோத்து, விரலைப் புடிச்சுப் பேசுவோம். அதுக்கென்ன இப்போ?"

"பாவாத்தா குடுத்தப்ப, துண்டுக்கடியில இந்தப் புள்ள கை இருந்துச்சா?"

  

அப்போது மண்டபத்திலிருந்து ஓர் அலறல் கேட்டது. "அம்மா!"



"காலையிலயே வலி கண்டுருச்சு," என்றாள் சடைச்சியம்மாள். "மருத்துவச்சிக்கு ஆள் போயிருக்குது."

"வண்டி கட்டுங்க. ஊட்டைத் தொறந்துடறேன். தொறந்துடறேங்க."

"ஊரு தூரம். இனித் தாங்காது."

மறுபடியும் அலறல். நாச்சிமுத்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். எறும்பு மொய்த்த பாம்பின் மேலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

"எம் புள்ளையும் இப்படிப் போயிட்டா என்னங்க பண்றது?"

சடைச்சியம்மாள் போகாது என்று சொல்லவில்லை.

"அம்மா அம்மான்னு கூப்பிடறாளே," என்றார் அவர்.  "செத்தவ எங்கீங்க வரப்போறா?"

"அது தெரிஞ்சுதான், பெரியவரே, உங்ககிட்ட வந்திருக்குது."