மிச்சமான புளியங்கொட்டை

சதுப்பின் ஓரத்தில் ஓர் இலுப்பை மரம் இருந்தது. சதுப்பைத் தாண்டும் வழி அதன் பட்டையில் வரிசையாகத் துளைகளாகக் கொத்தப்பட்டிருந்தது. இடப்பக்கம் துளை இருந்தால் இடப்பக்கப் பாறையில் கால் வைக்க வேண்டும். வலப்பக்கம் இருந்தால் வலப்பக்கப் பாறையில். மாற்றி வைத்தால் அவ்வளவுதான், சேறு ஆளையே விழுங்கிவிடும்!

அந்த மரத்தைக் கரையான் அரித்துவிட்டது. விழுவதற்குள் பக்கத்து வேம்பில் வழியை நகலெடுக்கும் வேலை செம்பட்டையன் என்ற மரங்கொத்திக்கு வந்தது. பெருமை தாங்கவில்லை அவனுக்கு! மளமளவென்று கொத்தி முடித்தான்.

"மானக்கா, அச்சு அசலா அப்படியே இருக்கு. குட்டியைக் கூட்டிட்டுக் கிளம்புங்க!" என்றான்.

குளம் வற்றி, அக்கரைத் தண்ணீருக்காகத் தவித்துக்கொண்டிருந்த மான் அது. உடனே எழுந்துவிட்டது.

"கொஞ்சம் இருங்கக்கா!" என்று பவளி அணில் ஓடிவந்தாள். இலுப்பையின் இடது துளை ஒவ்வொன்றிலும் ஒரு புளியங்கொட்டை, வலது துளை ஒவ்வொன்றிலும் ஒரு வேப்பங்கொட்டை போட்டாள். பிறகு அத்தனையையும் எடுத்துவந்து வேம்பிலும் அதே மாதிரி போட்டாள். ஒரு புளியங்கொட்டை மிஞ்சியது.

செம்பட்டையனுக்குச் சுருக்கென்றது. "என் வேலையிலேயே குறை கண்டுபிடிக்கிறியா? நீதான் ஒண்ணை அதிகமாப் பொறுக்கியிருப்பே!"

"கோவிச்சுக்காதேண்ணே. இலுப்பை நிக்கும்போதே பார்த்துடுவோம். விழுந்தப்புறம் யாரைப் போய்க் கேக்கிறது?"

முணுமுணுத்துக்கொண்டே அவன் இரண்டு மரத்தையும் ஒத்துப்பார்த்தான். பாதியில் திகைத்து நின்றான். இலுப்பையில் அடுத்தடுத்து இரண்டு இடது துளைகள், அதற்குப் பிறகுதான் வலது. வேம்பில் இடது ஒன்றுதான்! அந்த இடத்தில் ஒரு கொழுத்த எறும்பு ஊர்ந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதை லபக்கென்று விழுங்கிவிட்டு, எங்கே விட்டோம் என்று பார்க்காமலே மேலே கொத்தியிருக்கிறான்!

விடுபட்ட துளையைக் கொத்தினான். மிஞ்சிய கொட்டை அதில் உட்கார்ந்தது.

மான் வழியை மனதில் வாங்கிக்கொண்டு இறங்கியது. குட்டி பின்னாலேயே தாவியது. துளை விடுபட்டிருந்த அந்த இடம் வந்ததும் மான் இரண்டாம் முறையும் இடப்பக்கமே கால் வைத்தது. குட்டி இடறிவிட்ட கட்டை ஒன்று வலப்பக்கம் உருண்டது. பொளக்! கட்டையைக் காணவே காணோம்.

கிளையில் இருந்து பார்த்த செம்பட்டையன் பவளியிடம் பறந்துவந்தான். "ஐயோ, குட்டி போயிருக்குமே பவளி!" என்று அழுதேவிட்டான்.

எவ்வளவு கெட்டிக்காரன் எடுத்த நகலானாலும், மூலம் இருக்கும்போதே அதோடு சரிபார்த்த பிறகுதான் நம்ப வேண்டும்.