ஏழு நீர்நாய்களும் நாற்பது புகார்களும்

ஒரு காட்டில் வடிவு என்ற தேவாங்கும் சிங்காரம் என்ற மயிலும் சேர்ந்து கணினி விளையாட்டுக் கடை வைத்திருந்தன. விளையாட்டைச் செய்வது வடிவு. அதை ஊரெல்லாம் பரப்புவது சிங்காரம். வடிவுக்குப் பேச வராது. சிங்காரத்துக்குப் பேச்சைத் தவிர ஒன்றும் வராது. அதனால் இரண்டுக்கும் நன்றாகவே ஒத்துப்போனது.

மூன்று வருடம் கண் கொட்டாமல் உட்கார்ந்து வடிவு செய்த விளையாட்டுக்குப் 'பலா வேட்டை' என்று பெயர். மரத்திலிருந்து விழும் பலாப்பழத்தைத் தரையைத் தொடும் முன் பிடிக்க வேண்டும். இரண்டு பேர் சேர்ந்தும் ஆடலாம். குரங்கு, மான், பன்றி எல்லாம் ஒரே வகைக் கணினிதான் வைத்திருந்தன. அந்தக் கணினிக்கென்றே செய்த விளையாட்டு தொள்ளாயிரம் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஆனால் வடிவு காத்திருந்தது யானைகளுக்காக. கோடையில் யானைக் கூட்டம் இந்தக் காட்டுக்கு வரும். பெரியம்மா யானை ஒரு முறை ஆடிப் பார்த்து "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டால் போதும், விளையாட்டு ஏழு மலைக்கும் பரவிவிடும். "சரியில்லை" என்று சொன்னால் கடையை மூட வேண்டியதுதான். யானைகள் எதையும் மறப்பதில்லை!

அப்போதுதான் ஒரு நாள் காலையில், மடுவிலிருந்து ஆராயி என்ற நீர்நாய் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து நின்றது.

"வடிவு, எங்க மடுவுல ஏழு வீட்லயும் லினக்ஸ்தான். எங்களுக்கும் இந்த ஆட்டத்தைச் செஞ்சு குடேன்!"

லினக்ஸ் என்பது கணினியை இயக்கும் ஒரு வகை மென்பொருள். அதை யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்த்து, தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். நீர்நாய்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும். எதையாவது பிரித்துப் பார்க்காவிட்டால் அவற்றுக்கு மீன் தொண்டையில் இறங்காது.

சிங்காரம் தோகையைச் சிலுப்பியது. "ஏழே ஏழு பேரா! ஏழு பேருக்காக இவ நாலு மாசம் உட்காரணுமா? நல்லா இருக்கே கதை!"

ஆராயி கோபப்படவில்லை. "நீங்க சொல்றது சரிதாண்ணே. நாங்க கொஞ்சப் பேர்தான். ஆனா எங்க குட்டிங்க தினமும் குரங்கு வீட்டு வாசல்ல நின்னு ஆட்டத்தை எட்டிப் பார்த்துட்டு வருதுங்க."

வடிவின் மனசு இளகிவிட்டது. "செஞ்சு தரேங்க்கா" என்றது. சிங்காரம் தலையில் அடித்துக்கொள்ளக் கையில்லாமல் இறக்கையால் அடித்துக்கொண்டது.

வேலை லேசாக இல்லை. ஏழு நீர்நாய்களும் ஏழு விதமான லினக்ஸ் வைத்திருந்தன! எது உசத்தி என்று மூன்று நாள் மடு கலங்கச் சண்டை போட்டன. கடைசியில் ஆராயிதான் வழி சொன்னது. "நீ ஒண்ணுக்குச் செய். மத்ததை நாங்களே ஒட்டி வெட்டிப் பொருத்திக்கிறோம்!"

நாலு மாதத்தில் விளையாட்டு மடுவுக்குப் போனது. நாலே நாளில் புகார்கள் வந்தன. பனையோலையில் எழுதி, வரிசையாக அடுக்கி, கொடியால் கட்டி நீர்நாய்கள் அனுப்பியிருந்தன. நாற்பது புகார்கள்!

"பார்த்தியா!" என்று அகவியது சிங்காரம். "தொள்ளாயிரம் பேர் வாயே திறக்கல. இந்த ஏழு பேருக்கு நாற்பது குறை! அந்த லினக்ஸே ஆகாது. இதோட தலை முழுகு!" ஓலைக் கட்டைத் தூக்கிக் கறையான் புற்றுப் பக்கம் வீசிவிட்டது.

வடிவுக்கு அழுகையே வந்துவிட்டது. நாலு மாதம் வீணாகப் போனதே! யானைகள் வர இருபது நாள்தான் இருந்தது. ஆனாலும் இவ்வளவு எழுதியிருக்கிறார்களே என்ற உறுத்தலில், மெதுவாக நடந்து போய் ஓர் ஓலையை எடுத்துப் பிரித்தது.

'இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரு பழத்தைத் தொட்டால் ஆட்டம் அப்படியே நின்றுவிடுகிறது. மூன்று முறை செய்து பார்த்தோம். மூன்று முறையும் நின்றது. மற்றபடி ஆட்டம் அருமை. குட்டிகள் சாப்பிட வர மறுக்கின்றன.'

வடிவு தன் கணினியிலேயே அதைச் செய்து பார்த்தது. அது லினக்ஸ் இல்லை, எல்லோரும் வைத்திருக்கும் கணினிதான். ஆட்டம் நின்றது! இன்னொரு முறை. மறுபடியும் நின்றது!

பதறிப்போய்க் குரங்கு வீட்டுக்கு ஓடியது. தேவாங்கு ஓடி அந்தக் காடு அதற்கு முன் பார்த்ததில்லை.

"பலா வேட்டை உங்க வீட்ல எப்பவாவது நின்னு போகுதா?"

"தினமும்தான் நிக்கும்!" என்றது குரங்கு உற்சாகமாக. "பொட்டியில ஒரு தட்டு தட்டுவோம். மறுபடி ஓடும்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"ஆட்டமே அப்படித்தான் போலன்னு நெனச்சோம்!"

வடிவு திரும்பி வந்து மீதி ஓலைகளையும் பொறுக்கி எடுத்தது. ஒவ்வொன்றாகச் சரிபார்த்தது. நாற்பதில் மூன்றுதான் லினக்ஸுக்கு மட்டுமான கோளாறு. மற்ற முப்பத்தேழும் தொள்ளாயிரம் வீட்டிலும் இருந்தன!

அன்றிலிருந்து வடிவு திருத்தத் திருத்த, நீர்நாய்கள் ஆடிப் பார்த்துச் சொல்லின. "இது சரியாயிடுச்சு!" "இது இன்னும் இல்ல!" "இது நல்லா இருந்துச்சே, ஏன் மாத்துன?" முப்பத்தேழு என்ற கணக்கைக் கேட்டு வெட்கிப்போன சிங்காரம், ஓலைகளைத் தானே மடுவுக்கும் கடைக்கும் சுமந்தது.

இருபதாம் நாள் யானைகள் வந்தன. பெரியம்மா யானை ஆட உட்கார்ந்தது. பக்கத்தில் அதன் கடைக்குட்டி. முதல் பழம் விழுந்ததும், அம்மாவும் பிள்ளையும் ஒன்றாகத் துதிக்கையை நீட்டின. யானை வீட்டில் எந்தப் பழத்தையும் யாரும் தனியாகத் தொடுவதில்லையே!

வடிவுக்கு மூச்சே நின்றுவிட்டது. ஆட்டம் நிற்கவில்லை. திரையில் பழம் இரண்டாகப் பிளந்து, ஆளுக்குப் பாதி கிடைத்தது. குட்டி பிளிறிச் சிரித்தது.

"நல்லா இருக்கு!" என்றது பெரியம்மா. "இதை இவ்வளவு அக்கறையா ஆடிப் பார்த்துத் திருத்துனது யாரு?"

வழக்கமாக இந்த இடத்தில் தோகையை விரித்து முன்னால் வந்து நிற்கும் சிங்காரம், தலையைக் குனிந்து மடுவின் பக்கம் காட்டியது. "அவங்க ஏழு பேருங்கம்மா" என்றது.

இப்போதெல்லாம் விடிந்ததும் சிங்காரம் மடுக்கரைக்குப் போய்விடுகிறது. ஓலை ஏதும் இல்லாவிட்டால் அதற்கு இருப்புக் கொள்வதில்லை. "ஆராயி! இன்னைக்குப் புகார் ஒண்ணுமே இல்லையா? எல்லாருக்கும் உடம்பு நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டு, ஏழு தலைகளையும் எண்ணிப் பார்த்த பிறகுதான் கடைக்குத் திரும்புகிறது.

மெனக்கெட்டுக் குறை சொல்கிறவர்கள் கொஞ்சப் பேர்தான் என்று அவர்களை ஒதுக்கினால், எல்லோருக்கும் சேர்த்து நாம் செய்த பிழை கடைசி வரை நம் கண்ணில் படாமலே போய்விடும்.