எதுக்கும் உதவாத பெட்டி

ஒரு ஊர்ல ஒரு விளையாட்டு இருந்துச்சாம். ஆனா அதுக்குக் குடியிருக்க ஒரு பெட்டி இல்லையாம். ம் கொட்டு, அப்பதான் கதை நகரும்.

“ம்.”

அந்த விளையாட்டைச் செஞ்சவ பேரு பொற்கொடி. பாளையங்கோட்டைக்காரி. டவுன் பஸ் வந்து நிக்கிறதுக்குள்ள ஜன்னல் வழியா துண்டைப் போட்டு இடம் பிடிப்பாங்கல்ல? அதுதான் விளையாட்டே! பஸ் வரைஞ்ச ஒரு அட்டை, நகத்தளவு துண்டுங்க, கட்டையில செஞ்ச குட்டிக் குட்டி ஆளுங்க, ஒரு தாயக்கட்டை. உருட்டணும், துண்டு போடணும், தன் குடும்பத்தை முதல்ல உட்கார வச்சவங்க ஜெயிச்சாங்க. ‘துண்டு போடு’ன்னு பேரு வச்சா. தானே யோசிச்சு, தானே வரைஞ்சு, தானே விக்கப் போறா.

அப்போ பொம்மைக் கடை ஆவுடையப்பன் அண்ணாச்சி சொன்னாரு: “எம்மா, என் கடையில வைக்கிறேன். ஆனா வாங்குறவங்க அதை விளையாடணும். சும்மா கெடக்குற சாமானைத் தூசி தட்ட என்னால ஆகாது. நாலு வீட்ல குடுத்துப் பாரு. ஒரு வீட்லயாவது ஆடுறாங்களான்னு நானே வந்து பார்ப்பேன்.”

அச்சாபீஸ்காரரோ, “ஒரே மாதிரிப் பெட்டிதான் அடிப்போம். அடிச்சப்புறம் மாத்தித் தரச் சொல்லக் கூடாது”ன்னுட்டாரு. பெட்டி தப்பாப் போனா விளையாட்டே போச்சு!

பொற்கொடி முதல்ல ஒரு தகர டப்பா எடுத்தா. டங்குன்னு தட்டிப் பார்த்தா, டங் டங்! இது நூறு வருஷம் தாங்கும்னு, விளையாட்டை உள்ள வச்சு எதிர்வீட்டு ஸ்டெல்லா டீச்சர் கையில குடுத்தா. ஒரு வாரம் கழிச்சு ஆசையா ஓடிப் போனா. டீச்சர் டப்பாவைத் திறந்து நீட்டினாங்க. உள்ள என்ன இருந்துச்சுன்னு நினைக்கிறே?

“ம்?”

முறுக்கு! மொறுக் மொறுக்குன்னு தேங்காய் எண்ணெய் முறுக்கு!

“டப்பான்னா இதுல்லம்மா டப்பா! நமுத்தே போகலை, சாப்பிட்டுப் பாரு.”

“டீச்சர், விளையாட்டு?”

“அதுவா... ஏதோ ஒரு கவர்ல போட்டு வச்சேனே, எங்கன்னு தெரியலையே!”

பொற்கொடி முறுக்கைக் கடிச்சுக்கிட்டே வீட்டுக்கு வந்தா. வேற என்ன செய்வா?

அப்புறம், ரெண்டாவதா ஒரு அட்டைப் பெட்டி. பளபளன்னு, மயில் கழுத்து நிறத்துல, மேல தங்கக் கோடு ஓடி, கண்ணாடித் தாள் சுத்தி. அதைப் பக்கத்து வீட்டு செவ்வந்தி மதினிக்குக் குடுத்தா. டிவி ரிமோட்டுக்கே உறை பிரிக்காத வீடு அது! போய்ப் பார்த்தா, பெட்டி ஷோகேஸுக்குள்ள, கல்யாண போட்டோவுக்குப் பக்கத்துல ஜம்முன்னு உட்கார்ந்திருக்கு.

“ஏன் மதினி, பிரிக்கவே இல்லையா?”

“எவ்வளவு லட்சணமா இருக்கு! பிரிச்சா அழகு போயிருமேட்டி. வர்றவங்க எல்லாரும் எங்க வாங்குனேன்னு கேக்காக.”

“உள்ள என்ன இருக்குன்னு கேக்கலையா?”

“அதை எதுக்குக் கேக்கணும்?”

அப்புறம் மூணாவதா ஒரு துணிப்பை, சுருக்குக் கயிறு வச்சு. அதைத் தெருக்கோடி கோமதிநாயகம் மாமா வாங்கிக்கிட்டாரு. மறுநாள் காலையில பொற்கொடி காய்கறிச் சந்தைக்குப் போறா, எதிர்ல மாமா விசுக் விசுக்குன்னு வர்றாரு. கையில அவ பை! வாய்க்கு வெளியே நாலு முருங்கைக்காய் நீட்டிக்கிட்டு நிக்குது.

“பை அருமைம்மா! இன்னும் ரெண்டு கிடைக்குமா? அத்தைக்கு ஒண்ணு வேணுமாம்.”

அப்போ பொற்கொடிக்கு அழுகையா வந்துச்சு, சிரிப்பாவும் வந்துச்சு. டப்பா நல்லாருக்கு, பெட்டி நல்லாருக்கு, பை நல்லாருக்கு. அதுதான் வினை! நல்ல பாத்திரம் கிடைச்சா நம்ம ஜனங்க சும்மா விடுவாங்களா? உள்ள இருக்கிறதைக் கொட்டிட்டு, வேற வேலைக்கு வச்சுக்கிறாங்க. அப்போ கொட்டவே முடியாதபடி செஞ்சா? கேக்குறியா, தூங்கிட்டியா?

“...ம்.”

வீட்டுக்குப் போனா, கத்தரியை எடுத்தா. சரக் சரக், சரக் சரக்! பஸ் அட்டையை வெட்டி ஒரு பெட்டியோட அடியில ஒட்டினா. ஒவ்வொரு சீட்டுக்கும் குறுக்க தடுப்பு வச்சு ஒட்டினா. பெட்டியே பஸ்! மூடியைத் திறந்து சாய்ச்சா அது ஏறுற படி. மினுமினுப்பு இல்லாத சாதா அட்டை, பக்கத்துக்கு ரெண்டு டயர், அவ்வளவுதான். அதை மறுபடியும் செவ்வந்தி மதினிக்கே குடுத்தா.

மதினி முறுக்கு வச்சுப் பார்த்தா, தடுப்புக்குள்ள அடங்கலை. ஷோகேஸ்ல வச்சுப் பார்த்தா, எடுப்பா இல்லை. கையில தூக்கிப் பார்த்தா, பிடியே இல்லை.

“இது எதுக்குமே ஆகாது போலிருக்கே! என்னத்தைச் செய்யன்னு இதைக் குடுத்துட்டுப் போனா?” அப்படின்னு புலம்பிட்டு, கடைசில பெருமூச்சு விட்டா. “சரி, விளையாடித்தான் தொலைப்போம்.”

மறுநாள் சாயங்காலம் அண்ணாச்சியைக் கூட்டிக்கிட்டு பொற்கொடி வர்றா. டிங் டாங்! கதவைத் திறக்க ஆளில்லை. உள்ள ஒரே கூச்சல்.

“டீச்சர், அது நான் போட்ட துண்டு!”

“பேர் எழுதியிருக்கா மாமா?”

“ரெண்டு பேரும் இறங்குங்க, வண்டி நகரட்டும்!” இது மதினி.

மெல்லக் கதவைத் தள்ளினா, மூணு பேரும் தரையில சம்மணம் போட்டு, பெட்டியைச் சுத்தி உட்கார்ந்திருக்காங்க. வந்தவங்களை ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கலை. அண்ணாச்சி எட்டிப் பார்த்தாரு. குனிஞ்சு பார்த்தாரு. அப்புறம் மெதுவா உட்கார்ந்தே பார்த்தாரு.

“ஜன்னலோரம் யாரும் இருக்காங்களா?”

“காலிதான் அண்ணாச்சி. தாயம் விழுந்தா போடுங்க.”

அண்ணாச்சி தாயக்கட்டையைத் தொடவே இல்லை. தோள்ல கெடந்த துண்டை எடுத்தாரு. தொப்! மொத்த பஸ்ஸையும் மூடிப் போட்டாரு.

“எல்லா சீட்டும் எனக்குத்தான்!”

“ஐயோ, கள்ள ஆட்டம்! கள்ள ஆட்டம்!”

அந்தச் சண்டையை விலக்கப் பொற்கொடி போகலை. வாசலுக்கு வந்து அச்சாபீஸுக்குப் போன் போட்டா. “பெட்டி முடிவாயிருச்சு அண்ணே, அடிச்சுருங்க”ன்னா.

அவ்வளவுதான் கண்ணு. பஸ்ஸும் கிளம்பிருச்சு, கதைக்கும் மூடி போட்டாச்சு. நீயும் கண்ணை மூடு.