எட்டைத் தாண்டிய வெப்பமானி

இந்தக் கதையில் சீடர் குருவைவிடப் பத்து வயது மூத்தவர். டாக்டர் நல்லதம்பி, மலையடிவாரத்து வட்டாரம் ஒன்றின் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கெல்லாம் பொறுப்பு. டாக்டர் சபீனா, வேறொரு வட்டாரத்தில் அதே வேலையைப் பார்த்துப் பெயர் வாங்கியவர். இப்போது நல்லதம்பி போன்றவர்களுக்கு நிர்வாகம் சொல்லிக்கொடுக்கிறார். வைத்தியம் தெரிந்தவருக்கு ஆட்களைக் கட்டி மேய்க்கவும் தெரியும் என்று மேலிடம் நினைத்துக்கொள்கிறது, பாவம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சபீனா வந்தபோது நல்லதம்பி கலங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். முந்தின வாரம் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்தபோது ஆம்புலன்ஸ் கிளம்பவில்லை. ஆட்டோவிலேயே குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தது பெரியவர்கள் செய்த புண்ணியம்.

“வண்டி பல நாளா கெட்டுக் கிடந்திருக்கு மேடம். டிரைவருக்குத் தெரியும், நர்ஸுங்களுக்குத் தெரியும், வாசல்ல டீ விக்கிறவருக்குக்கூடத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.”

“நீங்க கேக்கலையா?”

“கேக்காம? திங்கக்கிழமை தவறாம மீட்டிங் போடறேன். ‘எல்லாம் நல்லா இருக்கு சார்’னு ஒரே குரல்ல சொல்றாங்க. நீங்க வகுப்புல சொன்ன மாதிரி ஆலோசனைப் பெட்டிகூட வெச்சேன்.”

“அதுல என்ன வந்துச்சு?”

“மிட்டாய்க் காகிதம்.”

சபீனாவுக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

“அடுத்த தடவை ஒரு உசுரு போயிட்டா நான் என்ன பண்ணுவேன்? இவங்களை எங்கிட்ட உண்மையைப் பேச வைக்கறது எப்படி? அதை மட்டும் சொல்லிக் குடுங்க.”

“தடுப்பூசி வெச்சிருக்கிற ஃப்ரிட்ஜைப் பார்க்கலாமா?” என்று எழுந்தார் சபீனா.

அடுத்த அறையில் பெட்டி மாதிரி இருந்த ஃப்ரிட்ஜின் மூடியைத் திறந்து, உள்ளே இருந்த வெப்பமானியைக் கையில் எடுத்தார்.

“இது எப்பவாவது எட்டு டிகிரியைத் தாண்டியிருக்கா?”

“போன மாசம் தாண்டுச்சு. ராத்திரி கரண்ட் போயிடுச்சு, ஜெனரேட்டர்ல டீசல் இல்ல. அத்தனை மருந்தையும் ஒதுக்க வேண்டியதாப் போச்சு. மாவட்டக் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் என்னை நார் நாராக் கிழிச்சுட்டாங்க மேடம்.”

“அடடா!” வெப்பமானியை அவர் கையில் கொடுத்தார் சபீனா. “உங்களை இவ்வளவு அவமானப்படுத்தினதை எதுக்கு இங்க வெச்சிருக்கீங்க? கண்காணாத இடத்துக்கு அனுப்பிடுங்க.”

நல்லதம்பி பதறிவிட்டார். “இது என்ன பண்ணுச்சு மேடம்? சூடாயிடுச்சுன்னு காட்டுச்சு. இது காட்டலைன்னா கெட்டுப்போன மருந்தையில்ல பச்சப்புள்ளைங்களுக்குப் போட்டிருப்போம்!”

பத்திரமாகப் பழைய இடத்தில் வைத்து மூடினார்.

“சரிதான். இதைப் பார்த்துட்டு உங்ககிட்ட வந்து சொன்னது யாரு?”

“அமலோற்பவம் சிஸ்டர். விடிஞ்சும் விடியாம வீட்டுக்கே ஓடி வந்தாங்க.”

“கூப்பிடுங்க. ஒரு நன்றி சொல்லிட்டுப் போறேன்.”

நல்லதம்பியின் கை மூடியின் மேலேயே இருந்தது.

“அவங்க இங்க இல்ல மேடம்.”

“லீவா?”

“மாற்றுப்பணி போட்டுட்டேன். கூட்டத்துல வாங்கின திட்டு... அந்தக் கோபம்.”

“எங்க போட்டீங்க?”

“மலை மேல. கடைசி ஊர்.” சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கியது. “அவங்க அம்மா வேற படுத்த படுக்கையா இருக்காங்க. சிஸ்டர் பெட்டியோட பஸ்ஸுக்கு நின்னப்ப, ஆஸ்பத்திரியே வாசல்ல நின்னு பார்த்துச்சு.”

சபீனாவுக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. தன் முதல் வருஷத்தில் தானும் திட்டு வாங்கியவர்தானே.

நல்லதம்பி தன் மேசைக்குப் போய் ஜீப் சாவியை எடுத்தார்.

“ஆர்டரை நான்தான் போட்டேன், நானே ரத்து பண்ணிடறேன். இன்னைக்கு ராத்திரியே சத்தமில்லாமப் போய்க் கூட்டிட்டு வந்து வீட்டுல விட்டுடறேன்.”

“கூட்டிட்டு வந்து வீட்டுல விடுங்க. அம்மா பார்க்கட்டும்,” என்றார் சபீனா. “ஆனா காலையில நீங்களே மறுபடி போய், அதே ஜீப்புல மீட்டிங்குக்குக் கூட்டிட்டு வாங்க டாக்டர். அவங்க போனதை எல்லாரும் பார்த்தாங்க. வர்றதையும் பார்க்கட்டும்.”