சிங்கம் வீடு திரும்பிய விதம்

பொள்ளாச்சி மில் முதலாளி சென்னியப்பனிடம் பெரிய எஞ்சின் வைத்த ஒரு பழைய அமெரிக்க மசில் கார் இருந்தது. கம்பெனியே மாட்டிக் கொடுத்த மேனிஃபோல்டு என்ற புகைக்குழாயோடு பூனை மாதிரி முனகும். அதைக் கழற்றி, ஹெடர் என்ற வேறு புகைக்குழாயை மாட்டினால் சிங்கமாக உறுமும். ஆனால் வீட்டம்மாவுக்குச் சத்தம் ஆகாது. சத்தம் காதில் விழுந்தால் அன்றைக்கே வண்டியை விற்றுவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

முதலாளி டிரைவர் திருமூர்த்தியைக் கூப்பிட்டார்.

"கடைவீதியே திரும்பிப் பார்க்கோணும். வீட்டுல துளி சத்தம் கேக்கக் கூடாது. ரெண்டுல எதைப் போடறது? தப்பாச் சொன்னா வேலை போயிரும்."

"ஹெடரே போடுங்க. சத்தமில்லாம வீடு சேர்க்கறது என் பொறுப்புங்க."

மறுநாள் கடைவீதியில் கார் உறுமிய உறுமலில், டீ ஆற்றியவர் பாதியைத் தரையில் ஊற்றினார். முதலாளி மீசையை முறுக்கினார். வீட்டுத் தெரு முனையில் திருமூர்த்தி எஞ்சினை அணைத்தான்.

"ஏன்டா நிறுத்திட்ட?"

"இனிமே சத்தம் வரக்கூடாதுங்களே. நான் ஸ்டியரிங் பிடிச்சுக்கறேன், நீங்க இறங்கித் தள்ளுங்க."

முதலாளி வேட்டியை மடித்துக் கட்டித் தள்ளினார். கடைவீதி மொத்தமும் பின்னாலேயே வந்து வேடிக்கை பார்த்தது.

வாசலில் நின்ற வீட்டம்மா எட்டிப் பார்த்தார்.

"வண்டியில சத்தமே இல்லையே, திருமூர்த்தி. பின்னால மாட்டியிருக்கற எஞ்சினுக்குத்தான் ரொம்ப மூச்சு வாங்குது."