பிணவறை நோட்டில் ஒரு சித்தப்பா

"யோவ், துணியை விலக்குய்யா! லைவ் போயிட்டிருக்கு!"

பிணவறை வாசலில் நின்று கத்தினவர் டிவி நிருபர் தீனதயாளன். கேமரா தன் பக்கம் திரும்பினால் மட்டும் அவருக்குக் குரல் தழுதழுக்கும். உள்ளே, பஸ் கவிழ்ந்து செத்த பையன் கிடந்தான். முகம் நசுங்கிப் போயிருந்தது. அவன் அம்மா சங்கரன்கோவிலிலிருந்து வந்துகொண்டிருந்தாள். அந்த முகத்தை அவள் யாரோ ஒருத்தர் போனில் பார்த்துவிடக் கூடாது. பிணவறை ஊழியர் இசக்கிமுத்துவுக்கு அது ஒன்றுதான் கவலை.

"முகத்தைக் காட்டுறது தப்பு சார்."

"சட்டமெல்லாம் எனக்குத் தெரியும். மக்களுக்கு உண்மை தெரியணும்."

"சரி சார். சொந்தக்காரங்களுக்குத்தான் துணியை விலக்குவோம். இந்த நோட்டுல உறவை எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

நிருபர் கூசவே இல்லை. 'சித்தப்பா' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இசக்கிமுத்து நோட்டைக் கேமராவுக்கு நேரே பிடித்தார். "செத்தவனோட சித்தப்பா வந்துட்டாரு. உடம்பை வாங்கிட்டுப் போயி இவரே கொள்ளி வைப்பாரு. ஏன் சித்தப்பா, ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வரலையே? பையன் பேரையாவது சொல்லுங்க."

நிருபருக்குப் பேர் தெரியவில்லை. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. கேமராவை அணைக்கச் சொல்லிக் கையாட்டினார்.

போகும்போது கார்டை நீட்டினார். "அந்தம்மா வந்ததும் போன் போடு. அழறதையாவது எடுக்கணும்."

மூன்று மணிக்கு அம்மா வந்தாள். இசக்கிமுத்து முதலில் பையனின் காலை மட்டும் காட்டினார். அதைக் கட்டிக்கொண்டு அவள் அழுதாள். அவர் கதவைச் சாத்தினார். யாருக்கும் போன் போடவில்லை.